பீட்ரி அம்மாள் கேட்ட கையெழுத்து

டண்டி நகர்,
ஏப்ரல் 1893, ஞாயிற்றுக்கிழமை.

என் கணவர் திரு. ஆர்ச்சிபால்ட் கோவன்ஸ் அவர்களுக்கு, உங்கள் மனைவி யூஃபீமியா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்குப் பதில் போடவும்.

உறையைப் பார்த்ததுமே உங்கள் முகம் மாறியிருக்கும். இவ்வளவு நாளும் உங்கள் தங்கை எழுதுவதுபோல எழுதச் சொன்னீர்கள், எழுதினேன். இந்தத் தடவை உறையின் பின்பக்கம் ‘திருமதி கோவன்ஸ்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். ஆலை பங்களாவில் எல்லோருடைய தபாலையும் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பி வைப்பார்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். பரப்பி வைக்கட்டும்.

முதலில் சேதி. போன திங்கட்கிழமை காலை எடின்பரோ சிறையில் பீட்ரி அம்மாளைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். நான் போய் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

வழக்குக்கு முந்தின வாரம் வந்த உங்கள் கடிதத்துக்கு இதுதான் பதில். நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். பழிவாங்குவதைக் கடவுளிடம் விட்டுவிடு, அவளும் ஒரு பெண்தானே, தூக்கு என்று தீர்ப்பானால் நம் பாதிரியார் கருணை மனு கொண்டுவருவார், அதில் கையெழுத்துப் போடு, அப்போதுதான் பத்திரிகைக்காரர்கள் சீக்கிரம் ஓய்வார்கள் என்று. கடைசிப் பக்கத்தில், கோர்ட்டில் யார் கேட்டாலும் என் பெயர் வரக்கூடாது என்று அடிக்கோடு போட்டு. நாலு பக்கத்திலும் தேடிப் பார்த்தேன். எல்ஸி என்ற பெயர் எங்கேயும் இல்லை. ‘நடந்த அந்த விஷயம்’ என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதுதான் அவளாக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் அம்மா எழுதியது. அவர் எழுதாததை நான் எழுதுகிறேன்.

என் பக்கத்துத் தறிக்காரி டீனி காஃப் வீட்டுச் சமையலறையில், அவளும் அவள் அண்ணனும் சாட்சியாக நிற்க, இவள் என் மனைவி என்று நீங்கள் சொன்னீர்கள். இவர் என் கணவர் என்று நான் சொன்னேன். நம் நாட்டுச் சட்டத்துக்குப் பாதிரியார் வேண்டாம், அது போதும். கல்கத்தா சணல் ஆலைக்காரர்கள் கல்யாணமாகாத ஆட்களைத்தான் எடுக்கிறார்கள், ஒப்பந்தம் முடியும்வரை வெளியே தெரிய வேண்டாம் என்றீர்கள். மோதிரத்தைக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். நீங்கள் கப்பலேறிய பிறகுதான் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்தது.

எல்ஸிக்குச் செம்பட்டை முடி. உங்கள் காது. டீனி அந்தக் காதைப் பிடித்துப் பார்த்து, “இந்தக் காதை வெச்சுக்கிட்டு, கல்கத்தாவுல அப்பன் இருமினாக்கூட இவளுக்குக் கேக்கும்டி” என்று சிரித்தாள். பால் குடிக்கும்போது எல்ஸி என் சட்டைக்குள் கைவிட்டு அந்த மோதிரத்தைப் பிடித்துக்கொள்வாள். இதெல்லாம் அப்போதே எழுதினேன். நீங்கள் பதிலில் வெயிலைப் பற்றி எழுதினீர்கள்.

உங்கள் அம்மா எங்கள் குடியிருப்பின் படி ஏறி வந்தது அப்போதுதான், முதல் தடவையாக. தொட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பொண்ணே, எம் பையன் மேனேஜர் ஆகப்போறான். நீ புள்ளையோட தெருவுல நிக்கிறதைப் பாத்து எவனாச்சும் கல்கத்தாவுக்கு எழுதிப்போட்டா அவன் பொழப்பு போச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூபோர்ட்டுல ஒரு அம்மா இருக்கா. மரியாதையானவ. நல்ல காத்து, பசும்பால். நீயும் தறிக்குத் திரும்பலாம்ல” என்றார். உங்களைக் கேட்டு எழுதினேன். அம்மா சொல்வதைக் கேள் என்று ஒரு வரி வந்தது.

படகுத்துறையில் வைத்துத்தான் கொடுத்தேன். பீட்ரி அம்மாள் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தாள். குண்டான, சிரித்த முகம். கை மட்டும் வெடித்து வெடித்து இருந்தது; நிறையத் துணி துவைக்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்தேன். “திரும்பிப் பாக்காம போம்மா, பாத்தா புள்ள ஏங்கிப்போகும். அடிக்கடி வந்து பாக்கறதும் வேண்டாம். பழகற வரைக்கும்தான்” என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் போனேன். ஆலைச் சங்கு ஊதிவிட்டது.

அதன் பிறகு உங்கள் அம்மா வழியாகச் சேதி வரும். நன்றாகத் தூங்குகிறாள், எடை போட்டிருக்கிறாள் என்று. ஒருநாள், ரெண்டு பல் முளைத்துவிட்டது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று வந்தது. நான் சந்தோஷத்தில் தறிக்கு நடுவில் நின்று டீனியிடம் சொன்னேன். நாங்கள் பேசுவது உங்களுக்குத் தெரியுமே, அந்தச் சத்தத்தில் வாயசைவுதான். டீனி நாலு பெற்றவள். என் வாயையே பார்த்துவிட்டு, “நாலு மாசத்துல நிக்குதா? நீ பெத்தது பொண்ணா, குதிரைக் குட்டியா?” என்றாள். அவளாகவே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் மாறினதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாள் வேறு ஏதோ குழந்தையோடு என் குழந்தையைக் குழப்பிச் சொல்லியிருக்கிறாள்.

தறியை அப்படியே விட்டுவிட்டுப் படகேறினேன். நியூபோர்ட் வீட்டில் பூட்டு. காலி செய்து போய்விட்டாள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “புள்ளைங்க வரும், போகும். ஒண்ணும் தங்குறதில்ல. சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போறாங்கன்னு சொல்லுவா” என்றாள். போலீஸ்காரர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். “கொடுத்தது நீதானே? எங்கயாச்சும் நல்லாத்தான் இருக்கும், வீட்டுக்குப் போ” என்றார். உங்கள் அம்மாவிடம் போனேன். எங்கே போனாள் என்று அவருக்கும் தெரியாது. அவர் எல்லாம் தெரிந்தே செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்துகொள்ள அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான். அந்தக் குணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்புறம் நான் செய்ததை உங்கள் அம்மா உங்களுக்கு எழுதியிருக்கமாட்டார். அந்த மாதிரிப் பெண்ணால் குழந்தை கேட்காமல் இருக்க முடியாது, பிள்ளையோடு வாங்கும் பணம்தான் பிழைப்பு, பத்திரிகையில் விளம்பரம் போட்டே தீருவாள் என்று டீனி சொன்னாள். ‘பிள்ளையில்லாத கண்ணியமான தம்பதி, குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க விரும்புகிறோம்’ என்று வரும் விளம்பரத்துக்கெல்லாம் வேறு பெயரில் எழுதிப் போட்டேன். ரயில் நிலையத்துக்கு வரச் சொல்வார்கள். சாக்குத் துணியைச் சுருட்டி, சால்வையில் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு போவேன். கோடை முழுக்க இதே வேலை. அர்புரோத்தில் வந்தவள் நிஜமாகவே பிள்ளையில்லாதவள். அவள் பின்னிக் கொண்டுவந்த தொப்பி கையில் இருந்தது. சால்வைக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்றுகூட அவள் கேட்கவில்லை. அவளிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்டேன்.

பெர்த் நிலையத்தில் பீட்ரி அம்மாள் வந்தாள். அதே சாம்பல் கோட்டு. கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு, “கொண்டாம்மா, வாடி என் கண்ணு, அம்மாகிட்ட வா” என்று சிரித்துக்கொண்டே வந்தாள். ஆர்ச்சி, அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் முகத்துக்கு நேரே நின்று சிரித்தாள். எத்தனை பேர் இப்படிக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் ஒருத்தியின் முகம்கூட ஞாபகமில்லாமல் போகும். நான் சாக்குச் சுருளைக் கீழே போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“எல்ஸி எங்கே?” என்றேன்.

“எந்த எல்ஸி?” என்றாள். நடிக்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

நெசவுக்காரியின் பிடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் கடித்தாள், உதைத்தாள், இந்தப் பைத்தியத்தைப் பிடியுங்கள் என்று கத்தினாள். ஒரு பெரியவர் என்னைக் குடையால் அடித்தார். போலீஸ்காரர் வரும்வரை நான் விடவில்லை. என் வலது கையில் அந்தப் பல்தடம் இன்னும் இருக்கிறது.

பெர்த்தில் அவள் குடியிருந்த வீட்டில் ஒரு குழந்தை உயிரோடு கிடைத்தது. அதன் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள், முக்காட்டை எடுக்கவேயில்லை. நியூபோர்ட் வீட்டின் கரிக்கிடங்கைத் தோண்டினார்கள். எத்தனை என்பதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு சின்னச் சட்டையைக் காட்டினார்கள். நான் பின்னியது. பின்னல் வேலை எனக்கு வராது; ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அடையாளத்துக்கு அது போதுமாக இருந்தது. சுற்றியிருந்தது சணல் சாக்கு. டண்டியில் நெய்த சாக்கு. நானே நெய்ததாகவும் இருக்கலாம். அப்படிப் பார்த்தால் அந்தச் சணல் நீங்கள் அங்கிருந்து அனுப்பியதாகவும் இருக்கலாம்.

வழக்கு எடின்பரோவில் நடந்தது. உங்கள் அம்மா கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு மேல்மாடத்தில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே என்னைப் பார்த்து, தகப்பன் யார் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு, உன்னைச் சும்மா விடமாட்டார்கள்தான், ஆனால் அதை ஒருநாள் பொறுத்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருந்தார். ஒருநாள்.

பீட்ரி அம்மாளின் வக்கீல் இளைஞர், நல்ல உடுப்பு. “மிஸ் ரேட்ரே” என்று என் அப்பா வீட்டுப் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். திருமதி என்றேன். “அப்படியா? கணவர் யாரோ? அவரை இங்கே காணோமே. வேண்டாத பிள்ளை, தொலைந்தால் போதும் என்று கொடுத்துவிட்டு, இப்போது அழுவது யாருக்காக?” என்று கேட்டார். சில பேர் சிரித்தார்கள். நான் மேலே பார்த்தேன். உங்கள் அம்மா சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்: ‘தெரியாதுன்னு சொல்லு.’ தான் தறிப் பக்கமே போனதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த வாயசைவு நெசவுக்காரியின் வாயசைவு. இருபது வருஷமாவது தறியில் நின்றவளுக்குத்தான் அப்படி வரும்.

நான் வாய்விட்டுச் சொன்னேன். உங்கள் முழுப் பெயர். கல்கத்தாவில் எந்த ஆலை, என்ன வேலை. கல்யாணமாகாதவர் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது. சாட்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல் என்றார் நீதிபதி. இன்னும் சத்தமாகச் சொன்னேன். பத்திரிகைக்காரர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, எழுத்துக்கூட்டியும் சொன்னேன். டீனி வந்து, “நான்தான் சாட்சி. என் வீட்டுச் சமையக்கட்டுல, என் ரொட்டியத் தின்னுட்டுத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டான்” என்றாள். அப்போதும் சிரித்தார்கள். இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் அம்மா எழுந்து போய்விட்டார். குடையை விட்டுவிட்டுப் போனார். ஆள்விட்டுக்கூட அதை வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது வீட்டைக் காலி செய்துகொண்டு உங்கள் அக்காவிடம் போய்விட்டதாகக் கேள்வி.

தீர்ப்பு உங்களுக்குத் தெரியும். பாதிரியார் மனுவோடு வந்தார், நீங்கள் எழுதியிருந்தபடியே. பெரிய இடத்துப் பெண்கள் நிறையப் பேர் போட்டிருந்தார்கள். செத்த பிள்ளையின் அம்மா பெயர் முதலில் இருந்தால் லண்டனில் அதற்கு மதிப்பு, அநேகமாக உயிர்ப்பிச்சை கிடைத்துவிடும் என்றார். உங்கள் பிள்ளையைக் கரிக்கு அடியில் வைத்திருந்தால் நீங்கள் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். பிறகு சிறைப் பாதிரியாரிடமிருந்து ஆள் வந்தது. பீட்ரி அம்மாள் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், மன்னிப்புக் கேட்பாள் போலிருக்கிறது என்று.

போனேன். மன்னிப்புக் கேட்பதைப் பார்க்கத்தான் போனேன். அவள் கேட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும் என்று ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். காவல்காரி கதவோரம் நின்றாள். கையெல்லாம் ஆறிப்போய்ச் சுத்தமாக இருந்தது. “உக்காரு. இங்க சாப்பாடு பரவாயில்ல” என்றாள், விருந்தாளியிடம் சொல்வதுபோல. மன்னிப்பெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இப்ப ஞாபகம் இருக்கு. படகுத்துறை. செம்பட்ட முடி” என்றாள்.

நான் உட்காரவில்லை.

“நீ ராத்திரியில என்ன நெனச்சிட்டுப் படுத்திருப்பன்னு எனக்குத் தெரியும். வலிச்சுதா, அழுதுதா, உன்னத் தேடுச்சான்னுதானே? அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த மனுவுல கையெழுத்துப் போடு, சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். போடலன்னா என்னோடயே வந்துரும்” என்றாள்.

காவல்காரிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் பேனா கையில் இருந்திருந்தால் போட்டிருப்பேன். அதைத் தெரிந்துகொள்ள என் ரெண்டு கையையும் வெட்டிக் கொடுத்திருப்பேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பொறுமையாக இருந்தாள். கடையில் சாமான் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறவள்போல. அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. பெர்த்தில் கையை நீட்டிக்கொண்டு வந்தபோது இருந்த அதே சிரிப்பு. குழந்தையைக் கொடு என்று கேட்டாளே, அதே மாதிரி இன்னொரு தடவை என்னிடம் எதையோ வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாள் என்று பட்டது.

“வேண்டாம். நீ கொண்டுபோ” என்றேன்.

அவள் சிரிப்பு போய்விட்டது. நான் கதவுக்குப் போனேன். பிறகு பின்னாலிருந்து, “ஏம்மா, நில்லு, கொஞ்சம் நில்லும்மா” என்று குரல் உடைந்து கூப்பிட்டாள். திரும்பிப் பாக்காம போம்மா என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். நான் போய்விட்டேன்.

தூக்கு அன்றைக்கு டீனியும் கூட வந்தாள். சிறைக்குப் பக்கத்துக் குன்றின் மேல் நின்றோம், நல்ல காற்று. சிறையின் கொடிக்கம்பம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். மணி அடித்தது, தூக்கு முடிந்ததற்கு அடையாளமாகக் கறுப்புக் கொடி ஏறியது. பாதியில் கயிற்றில் சுற்றிக்கொண்டு விரியவில்லை. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள், சிலர் ஜெபம் செய்தார்கள். ஒரு ஆள் வந்து கொடியை உதறி விடும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வரும் என்று டீனி கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தாள். எனக்குப் பசித்தது. எல்ஸி போனதிலிருந்து எனக்குப் பசி என்று ஒன்று இருந்ததில்லை. கீழே இறங்கி, இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி ரெண்டு வாங்கி நின்றபடியே தின்றேன். “நல்லாத் தின்னு” என்றாள் டீனி, அவள்தான் அழுதாள்.

இவ்வளவுதான் நடந்தது. செய்ததற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்பீர்கள். இல்லை. மறுபடி கேட்டாலும் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது, எல்ஸி எப்படிப் போனாள் என்று தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டாள் என்பது எனக்கு உறைத்தது. இனி யாரிடமும் கேட்க முடியாது. அதனால் தினமும் நானே ஒரு விதமாக நினைத்துப் பார்க்கிறேன். ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று. ஒருநாள் விழித்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்குள் கைவிட்டு, மோதிரம் இருக்கிறதா என்று தேடினாள் என்று. இது ரெண்டு பேர் பெற்ற பிள்ளை. நான் மட்டும் நினைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. பாதி உங்களுக்கு. அதற்காகத்தான் ஒன்றையும் விடாமல் எழுதினேன்.

கிழக்குக் கல்லறைத் தோட்டத்தில் வைத்திருக்கிறோம். கல்லில் ‘எல்ஸி கோவன்ஸ்’ என்று வெட்டச் சொல்லியிருக்கிறேன். ஆலை நம் பக்கம் வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. டீனியின் கடைசிக்குத் தட்டம்மை போட்டுத் தேறிவிட்டது. நான் மறுபடி தறிக்குப் போகிறேன்.

உங்களை ஆலையிலிருந்து அனுப்பிவிட்டார்களா, வைத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அங்கே வெயில் காலம் ஆரம்பித்திருக்கும். காலரா வருகிற காலம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். தொப்பி இல்லாமல் வெளியே போகாதீர்கள். சாராயத்தைத் தொடாதீர்கள், அது ஞாபகத்தைக் கெடுக்கும். நம் ஊர் ஆட்கள் அங்கே சின்ன வயதிலேயே செத்துப்போகிறார்களாம். நீங்கள் அப்படிப் போய்விடக்கூடாது. கிழவராகும்வரை, கண்ணும் காதும் புத்தியும் தெளிவாக, நீங்கள் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எல்ஸியின் அம்மா,
யூஃபீமியா.